இலந்தைக்கும் பார்லிக்கும் நடுவில்

அந்த வருஷம் ரெஹாம்னா சமவெளியில் மழை குறைவில்லாமல் பெய்தது. ஊர் முழுக்கப் பார்லி இடுப்பளவு நின்று காற்றில் சாய்ந்து எழுந்தது. யம்னாவின் வயல் மட்டும் ஓரத்திலிருந்து வழுக்கை விழுந்துகொண்டு வந்தது.

மேற்கு ஓரத்தில் இலந்தைப் புதர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு புதரும் காற்று கொண்டுவந்த மண்ணைத் தன் காலடியில் சேர்த்துச் சேர்த்து ஒரு மேடாக ஆகியிருந்தது. அந்த மேடெல்லாம் வெள்ளெலி வளைகள். புதர் வரிசைக்கு இந்தப் பக்கம் யம்னாவின் புருஷன் கப்பூரின் பார்லி, அந்தப் பக்கம் கப்பூரின் அண்ணன் மாத்தியின் கோதுமை. மாத்தியின் மனைவி ரஹ்மா யம்னாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அக்கா தங்கை இரண்டு பேரும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரே நாளில் வாழ்க்கைப்பட்டு, ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள்.

யம்னா குனிந்து கதிர் இல்லாத தாள்களைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அரிவாளால் அறுத்த மாதிரி அடியில் சரிவாக வெட்டியிருந்தது. வெட்டின கதிர்களைப் புல்லுக்குள் இழுத்துப் போன தடம் புதர்வரை நீண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கையிலிருந்த தாள்களைக் கப்பூரின் முன்னால் போட்டாள். அவன் தேநீர்க் குவளையைப் பிடித்தபடி முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கிணறு தூர்வாரப் போய் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் அவன் சொன்னபடி கேட்பதில்லை.

"பாத்தியளா? நேத்து இல்லாத இடத்துல இன்னைக்கு வெட்டிருக்கு. இப்படியே போனா நாம அறுக்கப் போகையில தாளுதான் இருக்கும்."

"வெள்ளெலிக்குக் கால் நல்லாருக்கு. எனக்கில்லையே. அதுககிட்ட கேட்டு ஒரு காலு வாங்கிட்டு வா."

"சிரிங்க. குளிர்காலத்துல எதைத் தின்னுட்டுச் சிரிக்கியன்னு பாக்கேன்."

"போன வருஷமும் இதே புதரு, இதே எலி. அப்பம் ஒண்ணும் செய்யலையே?"

"போன வருஷம் நடுவுல உழுது போட்டிருந்தோம்லா? வெறும் மண்ணு. அதைத் தாண்டணும்னா அதுகளுக்கு உசிரு போயிரும். புதருக்கடியிலேருந்து மூக்க நீட்டும், மேல வல்லூறு சுத்துதான்னு பாக்கும், திரும்ப உள்ள ஓடிரும். இந்த வருஷம் அங்க முழங்காலுக்குப் புல்லு நிக்கி. புல்லுக்குள்ள போனா எந்த வல்லூறு பாக்கப் போவுது? நாம சந்தைக்குப் போற மாதிரிப் போயிட்டு வருதுக."

"அப்பம் உழாதது என் தப்பா?"

"உங்க தப்புன்னு யாரு சொன்னா? கழுதை எங்க நின்னுது, அதைச் சொல்லுங்க."

கப்பூர் குவளைக்குள் பார்த்தான்.

தகப்பனார் இறந்தபின் அண்ணனும் தம்பியும் நிலத்தைக் கயிறு பிடித்துப் பிரித்தார்கள். ஆடுகளை எண்ணிப் பிரித்தார்கள். ஹம்ராவை மட்டும் பிரிக்க முடியவில்லை. செந்நிறக் கோவேறு கழுதை. ஏர், வண்டி, தண்ணீர், களத்தில் சூடு மிதிப்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மாத்தியின் தொழுவத்தில் நிற்கும், இரண்டு வீட்டுக்கும் உழைக்கும் என்று ஏற்பாடு. இந்த வருஷம் விதைப்பு நேரத்தில் சாலை போடுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமக்க மாத்தி அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தன் வயலை மட்டும் முதலிலேயே உழுதுவிட்டுத்தான் போனான். ஹம்ரா திரும்பி வந்தபோது தோளில் புண்ணும் விலாவில் எலும்புமாக வந்தது. அவசர அவசரமாக வயலை மட்டும் உழுது விதைத்தார்கள். ஓரத்தை உழுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யம்னா அன்றைக்கே அக்காவிடம் சொன்னாள். "அத விடு, ஓரம்தானே" என்றாள் ரஹ்மா.

மறுநாள் விடிந்ததும் யம்னா அரிவாளும் மண்வெட்டியுமாகப் போனாள். முதலில் புல்லை அறுத்து ஆட்டுக்குக் கட்டினாள். பிறகு வேரைக் கொத்தினாள். மழை குடித்து வெயில் குடித்த மண், மண்வெட்டியைத் திருப்பி அடித்தது. வெயில் ஏற ஏறக் கிழக்குக் காற்று வந்தது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. பார்லி ரொட்டியை மோரில் நனைத்து நின்றபடியே தின்றுவிட்டு மறுபடி குனிந்தாள். கப்பூர் கோலை ஊன்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொத்திப் போட்ட வேர்களை உதறிக் குவித்தான். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்தான்.

"ராணிக்குப் பின்னால விசிறி வீசிட்டு வாரவன் மாதிரி இருக்கேன்" என்றான்.

"பேச்சு நிக்கட்டும். அந்தக் கட்டிய உடைங்க."

நாலைந்து நாள் ஆனது. கை கொப்பளித்து, உடைந்து, தோல் தடித்தது. கடைசியில் புதர் வரிசைக்கும் பார்லிக்கும் நடுவில், துடைத்து வைத்த களம் மாதிரி மண் பட்டை ஒன்று வெறுமையாகக் கிடந்தது. யம்னா வயல் நடுவில் ஒரு கழியை நட்டுவைத்தாள். சாயங்காலமே ஒரு வல்லூறு அதில் வந்து உட்கார்ந்தது.

அதன்பிறகு பார்லி ஓரத்தில் புது வெட்டு விழவில்லை. புதருக்கடியில் மூக்குகள் தெரிந்தன. மண் பட்டையின் விளிம்புவரை ஒன்றிரண்டு வந்து, முன்னங்காலைத் தூக்கி நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடின. யம்னா வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பார்லி அறுப்புத் தொடங்குவதற்கு முந்தின வாரம் ரஹ்மா வந்தாள். முந்தானை நிறைய எதையோ கட்டிக்கொண்டு வந்தாள். யம்னா ரொட்டி தட்டிக்கொண்டிருந்த இடத்தில் முந்தானையை அவிழ்த்து உதறினாள். பால் பிடித்த பச்சைக் கோதுமைத் தாள்கள், அடியில் சரிவாக வெட்டுப்பட்டவை.

"இதென்னக்கா?"

"தெரியாத மாதிரிக் கேளு. உன் வயல்லேருந்து விரட்டி என் வயலுக்கு அனுப்பிட்டு, இதென்னக்கான்னு கேளு."

"நான் எங்கக்கா விரட்டினேன்? என் ஓரத்தக் கொத்தினேன்."

"நீ கொத்தினா அதுக எங்க போகும்? பட்டினி கிடக்குமா? எங்க பக்கம் புல்லு நிக்கில்லா, அதுவழியா வந்து பாதி வயலத் தின்னுட்டு."

"அப்பம் உங்க பக்கமும் கொத்துங்க."

"யாரு கொத்த? உன் மச்சான் திரும்பவும் கழுதையோட சாலை வேலையில கெடக்காவ. எனக்கு நாலு கையா இருக்கு?"

"எனக்கு மட்டும் நாலு கையா?"

"உனக்கு வீட்டுல ஆம்பள இருக்காவ."

யம்னா மாவுக் கையோடு நிமிர்ந்தாள். "முழங்கால நீட்டிட்டு இருக்கவரச் சொல்லுதியா? கழுதை விதைப்பு நேரத்துல எங்க வீட்டுல நின்னிருந்தா எனக்கு ஏன் இந்த மண்ண நகத்தால பிராண்டுற விதி? அன்னைக்கு என்ன சொன்ன? அத விடு, ஓரம்தானேன்னு சொன்னல்லா? இப்பம் நான் சொல்லுதேன். அத விடுக்கா. ஓரம்தானே."

ரஹ்மா தரையில் குனிந்தாள்.

"அம்மை செத்த பெறகு உன்ன இடுப்புல வச்சுத் தூக்கினவ நான்" என்றாள். தாள்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் திரும்பக் கட்டிக்கொண்டு போனாள்.

"நாம ரெண்டு பேரும் ரெண்டு நாள் போயிக் கொத்திக் குடுத்தா என்ன?" என்று கப்பூர் உள்ளேயிருந்து கேட்டான்.

"போங்க. போயிக் கொத்துங்க" என்றாள் யம்னா. அன்று சுட்ட ரொட்டி கருகியது. இருவரும் கருகினதைச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள்.

வயல் போய்விட்ட சேதி கேட்டு மாத்தி சாலை வேலையை விட்டுவிட்டு ஹம்ராவோடு வந்து சேர்ந்தான். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரிது. சந்தை ஊருக்குப் போய் எலிமருந்து தடவிய கோதுமை ஒரு சாக்கு வாங்கி வந்தான். கறுப்பாக, எண்ணெய் பூசினாற்போல இருந்தது. பக்கத்தில் போனால் பூண்டு நாற்றம். வளைக்குள்ளே ஒரு கை போட்டு, வாயைக் கல்லால் அடைக்க வேண்டும் என்று கொடுத்தவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வளைகள் கணக்கில்லாமல் இருந்தன. மாத்திக்குப் பொறுமை இல்லை. தன் பக்கத்துப் புல்லுக்குள் இங்கே ஒரு குவியல், அங்கே ஒரு குவியல் என்று கொட்டிவிட்டு, புதர் இடைவெளியில் நின்று கத்தினான்.

"கப்பூரு! ஏ கப்பூரு! மருந்து வச்சிருக்கேன். கோழிகள அடைச்சு வையுங்க. பெறகு என் கோழி செத்துட்டுன்னு வரப்புல வந்து நிக்கப்பிடாது."

"வளைக்குள்ள வைக்கலையா அண்ணே?"

"நீ நல்ல கால் வச்சிருந்தா நீ வந்து வை!"

மறுநாள் புல்லுக்குள் மணிப்புறாக்கள் செத்துக் கிடந்தன. சில வெள்ளெலிகளும் செத்தன. மிச்சமிருந்தவை அந்தக் கறுப்புத் தானியத்தை மோந்துகூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போய்ப் பச்சைக் கோதுமையை வெட்டின. குவியல்கள் அப்படியே கிடந்தன.

பார்லி அறுப்புத் தொடங்கியதும், கட்டுகளைக் களத்துக்குச் சுமக்க ஹம்ரா கப்பூரின் பக்கம் வந்தது. மாத்தி கழுத்துக் கயிற்றைக் கப்பூரிடம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தான். ஹம்ரா நிதானமாக நடந்தது. தோள் புண் இன்னும் ஆறவில்லை. கப்பூர் அதன்மேல் ஆலிவ் எண்ணெய் தடவி, பழைய கம்பளித் துண்டை மடித்து வைத்து, அதற்குமேல்தான் பாரம் ஏற்றினான்.

"எம்மா, உனக்கும் எனக்கும் ஒரே கம்பெனியில வேலை" என்று அதன் காதில் சொன்னான்.

உச்சி வெயிலில் வேலையை நிறுத்தினார்கள். கப்பூர் ஹம்ராவைக் களத்து ஓரத்துக் கட்டுத்தறியில் கட்டிவிட்டுத் தொழுகைக்குக் கைகால் கழுவ வீட்டுக்குப் போனான். யம்னா வயலிலேயே நின்று, அறுத்துப் போட்டிருந்ததைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காற்று அசையவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது.

எதேச்சையாகத் தலையைத் தூக்கியபோது ஹம்ராவின் பின்பக்கம் தெரிந்தது. கயிறு தரையில் இழுபட, அது மண் பட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. களத்தில் காய்ந்த தாள், அந்தப் பக்கம் பச்சைப் புல். புதர்களின் இடைவெளியில் நுழைந்தது. பிறகு காதுகள் மட்டும் தெரிந்தன. காதுகளும் குனிந்தன.

யம்னாவுக்கு அங்கே என்ன கொட்டிக் கிடக்கிறது என்பது தெரியும். எந்தெந்த இடத்தில் என்பதுகூடத் தெரியும்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. வரவில்லை என்பதுகூட இல்லை, அவள் விடவில்லை. மாத்தி கயிற்றைக் கொடுத்தபோது திருப்பிக்கொண்ட முகம் நினைவுக்கு வந்தது. முந்தானையிலிருந்து கோதுமைத் தாளை உதறின அக்காவின் கை நினைவுக்கு வந்தது. மண்வெட்டியின் காம்பில் ஒட்டிப்போன தன் தோல் நினைவுக்கு வந்தது. அவங்க வச்ச மருந்து. அவங்க தொழுவத்துக் கழுதை. போகட்டும். வந்து பாக்கட்டும்.

அவள் குனிந்தாள். கையிலிருந்த கட்டைக் கட்டி முடித்தாள். தாள் கயிற்றை முறுக்கி, இழுத்து, முனையை உள்ளே செருகினாள். கட்டைத் தூக்கி மற்றக் கட்டுகளின்மேல் சாய்த்து வைத்தாள்.

அதன்பிறகுதான், "ஹம்ரா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். செருப்பு வயலிலேயே கிடந்தது. இடைவெளியைத் தேடாமல் புதருக்குள்ளேயே விழுந்து மறுபக்கம் போனாள். முள் காலிலும் கையிலும் ஏறியது. ஹம்ரா ஒரு குவியலை நக்கித் துடைத்துவிட்டு அடுத்ததில் வாய் வைத்திருந்தது. அவள் அதன் மூக்கில் குத்தினாள். வாய்க்குள் கையை விட்டுத் தோண்டினாள். கறுப்புத் தானியம் எச்சிலோடு முழங்கைவரை வழிந்தது.

"அக்கா! ஏ அக்கா! வாங்களேன்! யாராவது வாங்களேன்!"

எல்லோரும் வந்தார்கள். ரஹ்மா வீட்டிலிருந்த மோர் முழுவதையும் பானையோடு தூக்கி வந்தாள். மாத்தி ஹம்ராவின் தலையைத் தூக்கிப் பிடிக்க, கப்பூர் ஆலிவ் எண்ணெயையும் மோரையும் வாயில் ஊற்றினான். ஊற்றின எல்லாம் மூக்கு வழியாக வந்தது. வெயில் சாய்கையில் ஹம்ரா படுத்துவிட்டது. வயிறு உப்பி, உடம்பெல்லாம் வேர்த்து, கால்களை மண்ணில் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் ஒரு பள்ளமே விழுந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்டபோது காலும் நின்றது, மூச்சும் நின்றது.

மாத்தி தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியின் பக்கம் திரும்பினான்.

"ஒரு முடிச்சு... ஒரு முடிச்சுப் போடத் தெரியாதால உனக்கு? காலுதான் போச்சு, கையுமா போச்சு?"

"நீங்க வளைக்குள்ள வச்சிருந்தா..." என்று யம்னா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றான் கப்பூர். அவள் அவனிடம் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அவன் ஹம்ராவின் கழுத்துக் கயிற்று முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் சொல்லுதது சரிதான். அவசரத்துல ஒரு சுத்துதான் சுத்தினேன். ரெண்டாவது சுத்துச் சுத்தல. தொழுகைக்கு நேரமாச்சேன்னு நெனச்சேன்."

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க யாரும்" என்றாள் ரஹ்மா. தங்கையின் காலைக் காட்டினாள். "பாருங்க இந்தக் கால. செருப்பில்லாம முள்ளுக்குள்ள விழுந்து வந்திருக்கா. அவ மட்டும் பாக்கலேன்னா நமக்குத் தெரிஞ்சேயிருக்காது."

யம்னா மண்ணில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவள் ஹம்ராவுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

மிச்ச அறுப்பைப் பெண்கள் முதுகில் சுமந்தார்கள். அக்கா தங்கை இருவரும் ஒருத்தி கட்டை ஒருத்தி தூக்கிவிட்டார்கள். மாத்தியின் வயலில் அறுக்க அதிகம் இல்லை. கப்பூர் பேச்சைக் குறைத்துக்கொண்டான். சாப்பிடும்போது ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத கயிற்றை விரலால் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

களத்து வேலை முடிந்ததும், காஸாப்லாங்காவில் கட்டடம் கட்டுகிற இடத்தில் காவலாளி வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தக் காலோட அங்க போயி என்ன செய்யப் போறீய? மாடி மாடியா ஏறணும்பாங்க."

"காவல்காரன் கீழதான் உக்காந்திருப்பான். உக்காரத்தானே எனக்குத் தெரியும்." சிரிக்காமல் சொன்னான். "என்னால போன கழுதை. என்னாலதான் வரணும். அண்ணன் மொகத்துல எப்படி முழிக்க?"

"உங்களால ஒண்ணும் போகல."

"நீ என்ன சமாதானப்படுத்தாத யம்னா. நீயாவது ஓடின. நான் என்ன செஞ்சேன்?"

அவள் அவனுடைய சட்டைகளை மடித்துத் துணியில் வைத்து நான்கு முனையையும் சேர்த்துக் கட்டினாள். சொல்லிவிடுவதற்கு அந்த நேரம் முழுக்க இருந்தது. கை கட்டியது, வாய் சும்மா இருந்தது. அவன் கோலை ஊன்றிச் சாலைவரை நடந்து, வண்டியில் ஏற முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட ஏறினான்.

அவன் போன பிறகு யம்னாவின் குதிகாலில் தங்கியிருந்த ஒரு முள் சீழ் பிடித்தது. கால் வீங்கித் தரையில் ஊன்ற முடியவில்லை. கதவைச் சாத்திப் படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் யாரும் வராதது அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருந்தது.

ரஹ்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் ஒரு கூடை இருந்தது. கூடை நிறையக் கதிர், பார்லியும் கோதுமையும் கலந்து.

"இலந்தை மேட்ட வெட்டிப் பாத்தேன். உள்ள எப்படி அடுக்கி வச்சிருக்குங்க பாரு. ஒரு அறை நெறைய. உன் பார்லியும் என் கோதுமையும் ஒண்ணா. பயப்படாத, கோழிக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். பாதி உனக்கு, பாதி எனக்கு." கூடையை இறக்கிவிட்டுத் தங்கையின் காலைப் பார்த்தாள். "ஏட்டி! இதென்ன கால் இப்படி வீங்கிக் கெடக்கு? சொல்லிவிட மாட்டியா? செத்துப்போகலாம்னு படுத்திருக்கியா?"

ஊசியைத் தீயில் காட்டினாள். யம்னாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நெருப்பு மாதிரி இருந்த குதிகாலைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி இடம் பார்த்தாள்.

"உன் மச்சான் சந்தையில எல்லார்கிட்டயும் சொல்லுதாவ. எங்ககூடப் பேச்சில்லாம இருந்த வீட்டுலேருந்து வந்து, எங்க கழுதைக்காக முள்ளுல விழுந்தா பாருங்கன்னு. என்னைய எப்படியெல்லாம் ஏசின நீ அன்னைக்கு! நானும் மனசுக்குள்ள உன்னச் சபிச்சேன், வல்லாஹி, ஆண்டவன் மேல ஆணையாச் சபிச்சேன். அவ்வளவையும் வச்சுக்கிட்டு நீ ஓடினயே. அத நெனச்சா எனக்கு ராத்திரி சோறு எறங்கல. அசையாத."

"அக்கா."

"ம்."

"நான் பாத்தேன்க்கா. அது தாண்டிப் போகும்போதே பாத்தேன்."

"பாத்ததாலதானே ஓடினே" என்றாள் ரஹ்மா. ஊசியை உள்ளே செலுத்தி நெம்பினாள். சீழோடு முள் வெளியே வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் எறிந்தாள். "இவ்வளவு பெரிசு. எப்படிடி தாங்கின இத்தன நாளு?"

யம்னா காலை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ரஹ்மா கையைக் கழுவிவிட்டு, மாவு எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே எடுத்து, தங்கைக்குப் பார்லிக் கஞ்சி காய்ச்ச உட்கார்ந்தாள். கொதி வந்ததும் கொஞ்சம் வெண்ணெய் போட்டுக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். யம்னா அவ்வளவையும் குடித்தாள்.